ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

நேற்று ராத்திரி எட்டு மணிக்குமேல்
அவனுக்கு ஒன்றும் தரவில்லை.
ஆறரைப் படகு கொர்ரால் துறையை விட்டுக் கிளம்பும்போது
"தண்ணியாவது?" என்றான் ஔகான்.
எட்டு வயது.
இதே படகுக்குத் தினமும்
டிக்கெட் கிழித்துக் கொடுப்பவள் நான்.
இன்று மூன்று டிக்கெட் வாங்கினேன்,
சில்லறையை எண்ணாமல்.

என் அப்பா செகுந்தோவுக்கு
உதடெல்லாம் கறுப்புப் புள்ளிகள்.
மாக்கி எங்கள் காட்டுப் பழம்,
தின்றால் பல்லும் நகமும் மசி.
"நடுக் குளிர்காலத்தில்
உனக்கு மட்டும் எங்கேய்யா பழுக்கிறது?"
என்பார்கள் மீன் இறக்குகிறவர்கள்.
அவரும் சிரிப்பார்.
நாற்பத்து மூன்றாம் வயதில்
வயிற்றைத் திறந்து பார்த்தார்கள்,
அப்படியே தைத்து அனுப்பினார்கள்.
புள்ளியையும் வயிற்றையும்
சேர்த்துப் படிக்க அன்றைக்கு ஆளில்லை.

எனக்கு இருபத்தாறில் குடல் மடிந்துகொண்டது.
துடித்துக் கிடந்தவளின் வயிற்றைத் தொடாமல்
கீழுதட்டை இழுத்துப் பார்த்தார் டாக்டர் ஓயார்சூன்.
"அப்பாவுக்கும் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.
அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
குழாயை விழுங்குகிறேன்.
என் முகத்தைக் காட்டிலும்
என் இரைப்பையை அவருக்கு நன்றாகத் தெரியும்.
தம்பி எலாதியோ
புள்ளியின்மேல் மீசை வளர்த்துக்கொண்டு
கடலுக்குப் போகிறான்.
தேடாத வரைக்கும் இல்லை என்பது அவன் கணக்கு.

பிள்ளைகளின் ரத்தம் தலைநகர் போய்
ஒரே கடிதமாய்த் திரும்பியது.
முதல் பத்தி வயிற்றில் பால் வார்த்தது,
மூத்தவள் ரயெனுக்கு இல்லை.
இரண்டாம் பத்தி
அந்தப் பாலிலேயே புளியைக் கரைத்தது.
ஒரே வயிற்றில் பிறந்ததுகள்.
துள்ளுவாள் என்று நினைத்தேன்.
"எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்டுவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டாள்.

வால்திவியா ஆஸ்பத்திரியில்
ஒன்பது மணி பத்தானது, பத்து பத்தரையானது.
ரயெனைக் காணோம்.
ஆற்றங்கரைச் சந்தைக்கு,
மீன்தலைக்குக் கடல்சிங்கங்கள் கத்தும் இடத்துக்கு,
ஓடிப் போய்த் திரும்பியிருக்கிறாள்.
கையில் காகிதப் பொட்டலம்.
வாய், தாடை, மூக்கு நுனி
எல்லாம் மாக்கிக் கறை.

"பட்டினி கிடக்கிறவன் முன்னாலயாடி!"
கையை ஓங்கிவிட்டேன்.
அவள் என்னைப் பார்க்கவே இல்லை.
தம்பியிடம் உதட்டைக் குவித்துக் காட்டினாள்.
வெகுநேரம் ஆராய்ந்தான்,
ஓயார்சூன் மாதிரியே தலையைச் சாய்த்து.
"உனக்கு ரொம்ப முத்திப்போச்சு.
உனக்குத்தான் முதல்ல குழாய்."

நர்ஸ் வந்தாள். கோப்பைப் பார்த்தாள்,
இரண்டு வாய்களைப் பார்த்தாள்.
"இதில் யார்?"
இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள்.

பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார்கள்.
ஏழில் நின்றது அவன் குரல்.
எட்டிலும் ஒன்பதிலும் நான் நின்றுகொண்டிருந்தேன்,
சுவரில் சாய்ந்து
அவன் சட்டைப் பொத்தானைத் திருகியபடி.

மூன்று பாலிப்.
பெரியது பருப்பளவு. எடுத்தாயிற்று.
பார்வைக்குச் சாதுதான்,
ஆனாலும் ஆய்வுக்கு அனுப்புவோம்.
அடுத்தது மூன்று வருடம் கழித்து.
"இன்றைக்குப் பயமில்லை" என்றார் டாக்டர்.
அந்த 'இன்றைக்கு'வைப்
பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
வேறு என்ன செய்ய?

திரும்பும் படகில் ரயென் தூங்கிவிட்டாள்.
பொட்டலத்தில் மிச்சமிருந்ததை
ஔகான் ஒவ்வொன்றாய்ச் சப்பினான்.
கறை பரவப் பரவ
அவன் உதட்டில் புள்ளி எது, பழம் எது என்று
எனக்கே தெரியவில்லை.

துறையில் எலாதியோ வலை அலசிக்கொண்டிருந்தான்.
நிமிராமல் கேட்டான்:
"என்ன சொன்னாங்க?"
"மார்ச் பதினாலு," என்றேன். "காலை எட்டு மணி.
உன் பேரைக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

கை ஈரத்தோடு மீசையைத் தடவினான்.
"பதினாலு," என்றான்,
"அன்னைக்குக் காத்து எப்படியோ."